மம்பெட்டியின் படங்களைக் காசிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்

செனகல் இயக்குநர் ஜிப்ரில் தியோப் மம்பெட்டியின் படங்களுக்குள் பெரும்பாலானோர் 'துக்கி புக்கி' என்ற படத்தின் வழியாகத்தான் நுழைகிறார்கள். இருபதாவது நிமிடத்தில் திசை தெரியாமல் வெளியே வந்தும் விடுகிறார்கள். 1994-இல் அவர் எடுத்த 45 நிமிடப் படமான 'லெ ஃப்ராங்'கில் தொடங்குவது நல்லது.

அதற்கு முன் ஒரு கணக்கு. 1994 ஜனவரி 11 வரை செனகலில் புழங்கும் நாணயமான சிஎஃப்ஏ ஃப்ராங்க் 50 கொடுத்தால் ஒரு பிரெஞ்சு ஃப்ராங்க் கிடைத்தது. மறுநாள் அதற்கே 100 வேண்டியிருந்தது. அறிவிப்பு வெளியான இடமும் படம் நடக்கும் செனகல் தலைநகர் டக்கார்தான். ஒரே இரவில் பாதியாகிப்போன அந்தக் காசின் பெயர்தான் படத்தின் தலைப்பு. மரிகோ என்ற பாட்டுக்காரன் வாடகை பாக்கி வைக்க, வீட்டுக்காரம்மா அவனுடைய கொங்கோமா வாத்தியத்தைப் பிடுங்கிக்கொள்கிறாள். லாட்டரிச் சீட்டு ஒன்று வாங்குகிறான். தொலைந்துவிடக் கூடாதே என்று அதைக் கதவில் ஒட்டி, மேலே ஒரு போஸ்டரையும் ஒட்டி மறைக்கிறான். பரிசு விழுந்துவிடுகிறது, பசைதான் விடவில்லை. சீட்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் பணம் தர முடியாது என்கிறார்கள். ஆகவே கதவையே பெயர்த்துத் தலையில் சுமந்துகொண்டு ஊர் முழுக்க அலைகிறான். மம்பெட்டியின் நகைச்சுவை எப்படிப்பட்டது என்று தெரிய இந்தக் கதவு ஒன்று போதும்.

அவர் பிறந்தது 1945-இல், டக்கார் அருகே கொலொபானில். சினிமாப் பள்ளி எதிலும் படித்ததில்லை. டேனியல் சொரானோ தேசிய நாடக அரங்கில் நடிகராக இருந்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். 1968-இல் ஒரு குறும்படம், 1970-இல் 'படூ பாய்', 1973-இல், 28 வயதில், 'துக்கி புக்கி'. செலவு சுமார் 30,000 டாலர் என்பார்கள்.

வொலோஃப் மொழியில் அந்தத் தலைப்புக்குக் கழுதைப்புலியின் பயணம் என்று பொருள். அந்த ஊர்க் கதைகளில் புக்கி நம் நரியைப் போலத் தந்திரக்காரன் இல்லை. பேராசையால் ஒவ்வொரு முறையும் முயலிடம் ஏமாறுகிறவன். படத்தின் காதலர்களான மோரியும் அந்தாவும் பாரிஸ் போகக் காசு திருடும்போது இது நினைவில் இருக்கட்டும். படத்தில் வழி தவறுவதற்குக் காரணம் இரண்டு. மோரியின் பகற்கனவுகள் நடந்தவை போலவே வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. அவனுக்கு ஊர் திரண்டு வரவேற்புக் கொடுக்கும் ஊர்வலம் அப்படி ஒன்று. கனவு என்று சொல்ல மங்கலோ புகையோ எதுவும் கிடையாது. அடுத்தது, ஒலி பெரும்பாலும் படத்துக்கு முன்னால் ஓடுகிறது. தொடக்கத்தில் மாட்டின் மேல் வரும் சிறுவனைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிள் உறுமல் வந்துவிடும், வண்டி பிறகுதான் வரும். ஒலியைப் பிடித்துக்கொண்டு போனால் வெட்டுகள் குழப்பாது. ஒரு எச்சரிக்கை: தொடக்கத்தில் வரும் மாடு வெட்டும் காட்சி உண்மையானது. முடியாதவர்கள் தள்ளிவிட்டுப் பார்க்கலாம், கதை புரியாமல் போகாது.

அடுத்த முழுநீளப் படத்துக்கு 19 ஆண்டுகள் ஆயின. 1992-இல் வந்த 'ஹயீனாஸ்' சுவிஸ் நாடகாசிரியர் டூரன்மாட்டின் நாடகத்தைத் தழுவியது. உலக வங்கியைவிடப் பணக்காரி என்று ஊரே சொல்லும் லிங்கேர் ராமது, கொலொபானுக்குத் திரும்பி வருகிறாள். தன்னைக் கைவிட்ட மளிகைக்காரன் திராமானைக் கொன்றால் பணம் தருகிறேன் என்கிறாள். ஊரார் கோபமாக மறுக்கிறார்கள். அவர்கள் வாயைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். புதிய மஞ்சள் பூட்ஸ் ஒவ்வொரு காலாக ஏறும், எல்லாம் அந்தப் பணம் வரும் என்ற தெம்பில் கடனுக்கு வாங்கியவை. அவளுடன் வரும் முன்னாள் நீதிபதி கானாவாக நடித்திருப்பவர் மம்பெட்டியேதான். அவர் முகத்தைத் திரையில் பார்க்க இதுவே நல்ல இடம். இசை அவர் தம்பி வாசிஸ் தியோப்.

'லெ ஃப்ராங்' எளிய மனிதர்களைப் பற்றிய மூன்று படங்களில் முதலாவது. இரண்டாவதை முடித்துக்கொண்டிருந்தபோது, 1998 ஜூலையில், நுரையீரல் புற்றுநோயால் பாரிஸில் இறந்தார். 1999-இல் வெளியான அந்தப் படத்தில், ஊன்றுகோலுடன் நடக்கும் சிலி என்ற சிறுமி 'லெ சொலெய்' நாளிதழ் விற்கிறாள். ஒருவர் அவள் கையிலிருந்த அத்தனை பிரதியையும் வாங்கிப் பெரிய நோட்டாகக் கொடுக்க, இவ்வளவு பணம் உனக்கு ஏது என்று போலீஸ் பிடித்துக்கொள்கிறது. பிறகு பையன்கள் ஊன்றுகோலைப் பறித்துக்கொண்டு ஓட, அவள் தோழன் பாபு அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். மூன்றாவது படம் எடுக்கப்படவே இல்லை.