தேய்வது புதிது, தேயாதது பழையது: கையிருப்புக்குள் ஒரு டெஸ்க்டாப்

கையில் இருந்த தொகை குறைவு. அதனால் எது வேகமான பாகம் என்று தேடுவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் பாகங்கள் எவை, தேயாதவை எவை என்று பிரித்து எழுதினேன். பிராசஸரும் ராமும் தேயாத பக்கம் போயின. எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்), மின்விசிறி மூன்றும் தேயும் பக்கம். மதர்போர்டு இரண்டுக்கும் நடுவில். தேயாததை செகண்ட் ஹேண்டாக வாங்குவது, தேய்வதைப் புதிதாக வாங்குவது, கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு விட்டுவிடுவது. திட்டம் இவ்வளவுதான்.

அலுவலகங்கள் கழித்துப் போடும் முழுக் கணினியை வாங்கலாமா என்றும் யோசித்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் பிராசஸர்களில் 8ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. அதனால் 6, 7ஆம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்றே நினைக்கிறேன். நான் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் மின் இணைப்பு. அப்படிப்பட்ட பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பு வழக்கமான 24 பின் அல்ல, அந்த நிறுவனத்தின் சொந்த வடிவம். எஸ்எம்பிஎஸ் போனால் அதே வகையைத் தேடி அலைய வேண்டும். எந்தப் பாகம் போனாலும் அதை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய கணினிதான் எனக்கு வேண்டும்.

பிராசஸர்: ரைசன் 5 5600ஜி, செகண்ட் ஹேண்ட். 2021-இல் வந்தது, 6 கோர், 12 த்ரெட், 65 வாட். உள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருப்பதால் தனிக் கார்டு இல்லாமலே திரை ஓடும். குறைந்த செலவில் கட்டுபவருக்கு இது மிகப் பெரிய உதவி. இது உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. அந்த வகையில் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கும், மொத்தம் 1331. பழையதை வாங்கும்போது அதைக் கவிழ்த்து, கண்மட்டத்தில் சாய்த்து, வெளிச்சத்துக்கு எதிரே வரிசை வரிசையாகப் பார்க்க வேண்டும். எந்த வரிசையிலாவது கோடு நெளிந்தால் அங்கே ஒரு பின் சாய்ந்திருக்கிறது. எனக்கு வந்ததில் மூலையில் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. மைக்ரோ டிப் பென்சிலில் லெட்டை முழுதாக எடுத்துவிட்டு, அதன் உலோகக் குழாய் முனையைப் பின்மேல் செருகி மெதுவாக நிமிர்த்தினேன். ஒரே திசையில், ஒரே மூச்சில் செய்துவிடுவது நல்லது. முன்னும் பின்னும் ஆட்டினால் பின் அடியோடு முறிந்துவிடும்.

ஏற்கெனவே ஏஎம்4 கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோய், பிராசஸரையும் சேர்த்துச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும் அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகிய பிறகு தூக்குங்கள். பழைய பிராசஸர்களின் பின்கள் வளைவதற்கு முக்கியமான காரணம் இந்த அவசரம்தான்.

மதர்போர்டு: பி450, மைக்ரோ ஏடிஎக்ஸ் (ஏடிஎக்ஸைவிடச் சிறிய அளவு), இதுவும் பழையது. பி450 வந்தது 2018-இல், 5600ஜி வந்தது 2021-இல். போர்டில் இருக்கும் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் இந்தப் பிராசஸரை அதற்கு அடையாளமே தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். அதனால் விற்பவரிடம் பயாஸ் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் 5600ஜி எந்தப் பதிப்பிலிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ் மூலம் பயாஸை மாற்றும் வசதி சில போர்டுகளில் உண்டு. அது இருந்தால் இந்தக் கவலை வேண்டாம். கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, பின்பக்க இணைப்புகளைச் சுற்றி வரும் ஐஓ தகடு கூட வருகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். சிஆர்2032 பேட்டரியை வந்தவுடன் மாற்றினேன்.

ராமில் ஒரே 16 ஜிபியாக எடுக்காமல் இரண்டு 8 ஜிபியாக எடுத்தேன். உள்கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் அதுவும் பயன்படுத்துகிறது. டிடிஆர்4-3200 ராம் ஒற்றைச் சேனலில் (ஒரே குச்சி) நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரட்டைச் சேனலில் (இரண்டு குச்சி) 51.2 ஜிபி. ஒற்றைக் குச்சியோடு ஓட்டுபவர், காசு கொடுத்து வாங்கிய கிராபிக்ஸில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

இனி புதிதாக வாங்கியவை. எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே இருக்கும் மின்பகுப்புக் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல மெல்லக் காய்பவை. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவான கணக்கு. பழைய எஸ்எம்பிஎஸ் எத்தனை கோடையைப் பார்த்தது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணையும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 36 ஆம்பியர் என்றால் 432 வாட், 450 என்று விற்பது நியாயம். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான், மேலே 500 என்று போட்டிருந்தாலும். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஷார்ட் ஆனால், மின்னழுத்தம் எகிறினால் தன்னை அணைத்துக்கொள்ளுமா என்பதைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும். நான் எடுத்தது 450 வாட். 65 வாட் என்று குறித்திருந்தாலும், இந்தப் பிராசஸர் சாக்கெட் வழியாக இழுப்பது அதிகபட்சம் 88 வாட். பிற்பாடு ஒரு நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு வந்தாலும் இதே எஸ்எம்பிஎஸ் போதும்.

எஸ்எஸ்டி 500 ஜிபி, என்விஎம்இ. இந்த வகை டிரைவ் பிசிஐஇ என்ற இணைப்பில் ஓடுகிறது. 5600ஜி கொடுப்பது அதன் மூன்றாம் தலைமுறை (3.0) என்பதால் நான்காம் தலைமுறை டிரைவுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் பயனில்லை. தேய்மானம் என்று பார்த்தால் எஸ்எஸ்டி அவ்வளவு பயப்படத் தேவையில்லாதது. 300 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம் தரும் டிரைவில் நாளுக்கு 20 ஜிபி எழுதினால் 41 ஆண்டு வரும். ஆனாலும் இதை நான் பழையதாக வாங்கமாட்டேன். மற்ற பாகம் பழுதானால் அந்தப் பாகத்தின் விலையோடு போகும். இது பழுதானால் நான் எழுதியதும் எடுத்த படங்களும் சேர்ந்து போகும்.

பூட்டும் வேலை. எல்லாவற்றையும் கேபினெட்டுக்குள் ஏற்றுவதற்கு முன், மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து ஓட்டிப் பார்த்தேன். செகண்ட் ஹேண்ட் பாகம் வாங்குபவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. கோளாறு இருந்தால் பாகமா, பூட்டியதா என்று இங்கேயே தெரிந்துவிடும். ரைசனோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரைப் பொருத்த, சாக்கெட்டின் இருபுறமும் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்ற வேண்டும். அப்போது பின்தகடு விடுபட்டுக் கீழே விழும். ஒரு கையால் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு மூலை வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டதும் விசிறி சுழன்றது. திரை உடனே வராது. ராமைப் பழக்கிக்கொள்ளும் வரை போர்டு அப்படியே நிற்கும், பதற்றத்தில் அணைத்துவிடக் கூடாது. பிறகு பயாஸ் வந்தது, 16 ஜிபியும் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ராம் வேகம் 2400 என்று காட்டியது. பயாஸில் எக்ஸ்எம்பியை (ராமை அதன் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கியதும் 3200 ஆனது. பழைய ராம் என்பதால் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதனை நிரலைப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். இதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று விற்பவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். காலையில் பிழை பூஜ்யம்.

கேபினெட் வீட்டில் கிடந்த பழையது. உள்ளே ஏடிஎக்ஸ் அளவுக்கு ஸ்டாண்ட் ஆஃப்கள் (போர்டைத் தாங்கும் சிறு பித்தளைத் தூண்கள்) இருந்தன. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டின் துளைக்கு நேரே வராதவற்றை முதலில் கழற்றினேன். போர்டின் அடியில் ஒரு பித்தளைத் துண்டு தேவையில்லாமல் முட்டிக்கொண்டிருந்தால் ஷார்ட்டுக்கு அதுவே போதும்.

லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று. எழுத்து வேலை, இணையம், முழு எச்டி காணொளி, எளிய வீடியோ எடிட்டிங் எல்லாம் தடங்கலின்றி ஓடுகின்றன. பழைய விளையாட்டுகள் குறைந்த அமைப்பில் நன்றாகவே வருகின்றன. 12 த்ரெட்டையும் முழுதாக ஓட்டியபோது வெப்பம் 80 டிகிரியைத் தொட்டது. இந்தப் பிராசஸரின் எல்லை 95 என்பதால் ஆபத்தில்லை, ஆனால் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் கணிசமாக இறங்குகிறது. கேபினெட்டுக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம். முன்பக்கம் ஒரு 120 மிமீ விசிறி அடுத்து வாங்க வேண்டியது. அதற்குப் பிறகு பேக்கப்புக்கு ஒரு சாட்டா ஹார்டு டிஸ்க், அதுவும் புதிதாகத்தான். கிராபிக்ஸ் ஸ்லாட் காலியாகவே இருக்கட்டும்.