ஆப்பிள் பூக்கவில்லையா? இலையை எடுத்துவிடுங்கள்

அன்னா ரக ஆப்பிள் ஒட்டுக்கன்றை வைத்து மூன்று வருடம் ஆகியும் பூக்கவில்லையா? உரக்குறைபாடு என்று நினைத்து மேலும் மேலும் தழைச்சத்தைப் போடாதீர்கள். அது இலையைத்தான் பெருக்கும்.

தேவை குளிர். உறங்கும் மொட்டு விழிக்க 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் வேண்டும். அன்னாவுக்கு 200, 300 மணி போதும். நம் சமவெளியில் அதுவும் கிடைக்காது. இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் மலாங் பகுதியில் இதற்கு அருமையான வழி உண்டு. அறுவடை முடிந்த சில வாரங்களில் இலை முழுவதையும் கையாலேயே எடுத்துவிடுவார்கள். மரம் ஆழ்ந்து உறங்குமுன் மொட்டு விழித்துக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு காய்ப்பு!

வீட்டு மரத்தில் இலையைப் பிய்த்து இழுத்தால் பட்டையும் சேர்ந்து உரியும். காம்பில் அரை சென்டிமீட்டர் விட்டுக் கத்தரியுங்கள். அந்தக் காம்பின் கக்கத்தில்தான் மொட்டு இருக்கிறது. மிச்சத் துண்டு பழுத்துத் தானே உதிரும். நெட்டுக்குத்தாக நிற்கும் கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கைவாட்டில் சாய்ப்பதும் முக்கியம். சாய்ந்த கிளையில்தான் பூமொட்டு அதிகம்.

அன்னா தனியாக நின்றால் சரியாகக் காய்க்காது, மகரந்தச் சேர்க்கைக்கு அருகில் டார்செட் கோல்டன் என்ற ஆப்பிள் ரகமும் வேண்டும். காய் கோலிக்குண்டு அளவானதும் கொத்துக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். ஒட்டுப்பகுதியை மண்ணோ மூடாக்கோ தொடக்கூடாது.