பூனைத்தலை பிஸ்கட்: ஆறாவது ஞாயிறு

இந்த வாரம்தான் பிஸ்கட் ஒழுங்காக எழும்பியது. அதற்குள் ஒரு பை மாவு காலி, புகை அலாரம் ஒருமுறை அலறியாயிற்று.

நாங்கள் இருக்கும் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிஸ்கட் என்றால் டீயில் தொட்டுக்கொள்ளும் மேரி வகையறா இல்லை. மேலே மொறுமொறு, உள்ளே ஏடு ஏடாகப் பிரியும் மெத்து. சூட்டோடு பிட்டு, சோளத்தட்டைச் சாற்றைக் காய்ச்சிய சோர்கம் பாகை ஊற்றிச் சாப்பிடுவார்கள்.

எனக்குக் குரு நாக்ஸ்வில்லில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. எண்பது தாண்டியவர். பேரப்பிள்ளைகள் அவரை 'மேமா' என்கிறார்கள். இந்த மலைப்பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் பையன் காதில் அது 'மாமா' என்று விழுந்து, அப்படியே நிலைத்துவிட்டது. கவுன் போட்ட மாமா.

முதல் ஞாயிறு, 'பட்டர்மில்க்' என்று எழுதிக்கொடுத்ததைப் பார்த்து, தயிரைக் கடைந்து மோராக்கி ஊற்றினேன். மாவு தோசை மாவாகிவிட்டது. இவர்கள் சொல்லும் மோர் கெட்டியானது, புளித்த தயிரைக் கரண்டியால் கலக்கிவிட்டதுபோல இருக்கும்.

இரண்டாம் வாரம் மோர் சரி, கை தப்பு. பதினைந்து வருடமாகச் சப்பாத்திக்குப் பிசைந்த கை சும்மா இருக்குமா? அழுத்தி அழுத்திப் பிசைந்தேன். வெந்து வந்ததைப் பையன் ரசத்தில் போட்டான். சாப்பிட்டு எழும்வரை ஊறவில்லை. மேமாவிடம் ஒன்று கொடுத்தேன். கடித்துப் பார்த்து, என் கையைத் தட்டி, "ப்ளெஸ் யுவர் ஹார்ட்" என்றார். பாட்டி ஆசீர்வாதம் பண்ணிவிட்டார் என்று ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அதற்கு இங்கே 'ஐயோ பாவம்' என்றும் பொருள் உண்டு என்று ஆபீஸில் சொன்னபிறகுதான் தெரிந்தது.

சூட்சுமத்தைப் பிடித்துக்கொடுத்தது அம்மாதான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏண்டி, இது புட்டுக்குப் பிசிறுற மாதிரிதானே?" என்றார். அதேதான்! உறைந்த வெண்ணெயைத் துருவிப் போட்டு விரல்நுனியால் பிசிற வேண்டும், உள்ளங்கை படக்கூடாது. வெண்ணெய்த் துணுக்குகள் உருகாமல் அடுப்புக்குள் போனால்தான் அந்த இடங்களில் ஆவி கிளம்பி ஏடு பிரியும். மாவும் மாற்றினேன்: வைட் லில்லி, உப்பும் பேக்கிங் பவுடரும் சேர்ந்தே வரும் வகை. 1883இல் இதே நாக்ஸ்வில்லில் தொடங்கிய மாவு. மென்கோதுமை, புரதம் குறைவு, அதனால் சவ்வாக இழுக்காது.

மூன்றாம் வாரம் டம்ளரால் வெட்டும்போது திருகிவிட்டேன். ஓரம் ஒட்டிக்கொண்டு எல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து எழும்பின. நான்காவதில் வெண்ணெய் வழிந்து புகை.

"டம்ளரைத் தூக்கிப் போடு, ஹனி" என்றார் மேமா. கையால் கிள்ளி, லேசாக உருட்டி, இரும்புச்சட்டியில் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வைப்பது அவர் வழி. பூனைத்தலை அளவு இருப்பதால் 'கேட்ஹெட்'. அவர் வழக்கமாகப் போடுவது பன்றிக்கொழுப்பு. எங்களுக்காக வெண்ணெய்க்கு மாறிக்கொண்டார்.

இப்போதைய கணக்கு: மாவு 2 கப், வெண்ணெய் 6 மேசைக்கரண்டி, மோர் முக்கால் கப், 475 டிகிரி ஃபாரன்ஹீட், 14 நிமிடம்.

இங்கே பழகிய இரண்டாம் நாளே எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். மேமாவும் கேட்டிருந்தார். நாஷ்வில் பிள்ளையார் கோயிலுக்கு என்றேன். "மூன்று மணி நேரம் கார் ஓட்டியா? எங்கள் ஆட்கள் மழை தூறினாலே வரமாட்டார்கள்" என்றார். அன்றிலிருந்து எங்கள் பக்திமேல் அவருக்குப் பெரிய மரியாதை. நாங்கள் போவது வருடத்துக்கு இரண்டு முறை என்பதை நான் சொல்லவில்லை.

இன்று எங்கள் வீட்டு மேசையில் அவர் கண்ணை மூடி ஜெபம் சொன்னார். 'ஆமென்' வருமுன்பே பையன் கை தட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் தன் பிஸ்கட்டைப் பிட்டு இட்லிப்பொடி தூவினார். மேமாவும் கேட்டு வாங்கினார். ஒரு வாய். முகம் சிவந்தது. ஒரு டம்ளர் ஸ்வீட் டீ, அதாவது சர்க்கரை போட்ட ஐஸ் டீ, ஒரே மூச்சில் உள்ளே போனது. அப்புறம் கையை நீட்டினார்: "அந்தப் பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளு."

புதன்கிழமை சர்ச் விருந்துக்கு இரண்டு டஜன் கேட்டிருக்கிறார். அடி மட்டும் இன்னும் கருகுகிறது. சட்டியை ஒரு தட்டு மேலே ஏற்றிப் பார்க்கவேண்டும்.