தற்காப்பு வகுப்பில் கஷ்டமாக இருந்தது அடிப்பது இல்லை

தற்காப்பு வகுப்பில் சேரப்போகிறேன் என்று சொன்னதும் கிட்டத்தட்ட எல்லோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஆமா, ராத்திரி லேட்டா வர்ற, தேவைதான்." இருட்டு, ஆளில்லாத தெரு, முகம் தெரியாத ஒருத்தன். பெண்கள் மீதான வன்முறை என்றாலே நம் எல்லோருக்கும் இந்தப் படம்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீடு வேறு மாதிரி இருக்கிறது. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்திக்கிறாள், அதில் பெரும்பகுதி கணவன் அல்லது துணையிடமிருந்து வருவது.

அதனால் சேர்வதற்கு முன்னால் எல்லா இடத்திலும் ஒரு கேள்வி கேட்டேன். "தெரிஞ்ச ஆள் தப்பா நடந்தா என்ன செய்யறதுன்னு சொல்லித் தருவீங்களா?" முதலில் போன இடத்தில் மாஸ்டர் சிரித்துக்கொண்டே "அதெல்லாம் குடும்ப விஷயம் மேடம்" என்றார். அங்கே கை முறுக்கு, பூட்டு, தூக்கிப்போடுவது எல்லாம் காட்டினார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் தாக்குகிறவர் சொன்ன திசையில் சொன்ன வேகத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அடுத்த இடத்தில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண். "பாதி வகுப்பு அதுதான்" என்றார். சேர்ந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் யாரையும் அடிக்கவே விடவில்லை. கத்தச் சொன்னார். "நில்லு!", "கிட்ட வராதே!" என்று வயிற்றிலிருந்து சத்தம் வர வேண்டும். எங்கள் யாருக்கும் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மெதுவாகப் பேசு, சத்தம் போட்டுச் சிரிக்காதே என்று சின்ன வயதிலிருந்து அடக்கிய தொண்டை ஒரே வகுப்பில் திறந்துவிடுமா என்ன. கத்துவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: மூச்சை அடக்கிக்கொண்டு விறைத்து நிற்கும் உடம்புக்கு மூச்சு திரும்புகிறது.

அப்புறம்தான் கை கால் வேலை. இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுயரத்தில் முன்னால் வைத்து நிற்பது; பார்ப்பவருக்கு "இருங்க, பேசுவோம்" என்பது போலத் தெரியும், ஆனால் முகத்துக்கு அதுதான் காவல். முஷ்டியால் முகத்தில் குத்தினால் நம் விரல் எலும்புதான் உடையக்கூடும் என்பதால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கைத் தாக்குவது. ரொம்பக் கிட்டத்தில் வந்துவிட்டால் முழங்கை, முழங்கால். மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்காமல், பிடித்தவனின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி பக்கமாகத் திருப்பி உருவுவது. கீழே விழுந்துவிட்டால் மல்லாந்த நிலையில் காலால் உதைத்துக்கொண்டே தூரத்தை உண்டாக்குவது. எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றே: ஓடு. ஜெயிக்க வேண்டியதில்லை.

தலை முதல் கால் வரை பஞ்சு உறை மாட்டிய ஒருவர் நிஜ வேகத்தில் வந்து பிடித்தபோது, எங்களில் ஒரு பெண் அப்படியே உறைந்துவிட்டாள். கை தொங்கியது, குரல் வரவில்லை. பயிற்சியாளர் உடனே நிறுத்தி, அவளை உட்காரவைத்துவிட்டு எங்களிடம் பேசினார். ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த ஏறத்தாழ 300 பெண்களைப் பற்றி 2017-ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. தாக்குதலின்போது உடம்பு அசைய மறுத்து உறைந்துபோனதாகச் சொன்னவர்கள் சுமார் 70 சதவீதம். "நீ ஏன் கத்தலை, ஏன் அடிக்கலை" என்று கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும், நீதிபதியாக இருந்தாலும், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி அந்த உறைநிலையிலிருந்து சிலரைச் சீக்கிரம் மீட்கலாம், அவ்வளவுதான். உத்தரவாதம் எதுவும் இல்லை.

எனக்கு உண்மையில் வியர்த்தது வேறொரு பயிற்சியில். எதிரே இருப்பவர் மேலதிகாரி, அல்லது மாமா முறை, அல்லது நெருங்கிய நண்பன். தோளில் கை போடுகிறார். "கையை எடுங்க" என்று சொல்ல வேண்டும். சிரிக்கக்கூடாது, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிக்கக்கூடாது, காரணம் சொல்லக்கூடாது. பஞ்சு உறைக்காரரை முழு பலத்தோடு உதைத்த எங்களால் இந்த இரண்டு வார்த்தைகளைச் சொல்ல முடியவில்லை! எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் குரல் நேராக வந்தது. கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் மாணவிகளுக்கு 12 மணி நேரம் இந்த மாதிரிப் பயிற்சி, அதாவது தெரிந்தவரிடம் ஆபத்தை அடையாளம் காண்பது, வாயால் மறுப்பது, உடலால் எதிர்ப்பது, கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், வெறும் துண்டுப்பிரசுரம் வாங்கியவர்களில் 9.8 சதவீதம்.

"பெண்களுக்கு ஏன் பாடம், ஆண்களைத் திருத்துங்கள்" என்று என் தோழி சண்டை போட்டாள். நியாயம்தான், குற்றம் முழுக்கச் செய்தவனுடையது. ஆனால் அவன் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கு விருப்பமில்லை.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு இந்த அடிகள் போதாது என்பதையும் பயிற்சியாளர் ஒளிக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் திருப்பி அடித்தால் நிலைமை மோசமாகலாம், விட்டு விலகும் நேரம்தான் பலருக்கு அதிக ஆபத்தான நேரம். அங்கே திட்டம்தான் தற்காப்பு: சான்றிதழ்களின் நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் வைப்பது, கையில் கொஞ்சம் பணம், "உடனே வா" என்பதற்கு ஒரு ரகசியச் சொல். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே தழும்பே இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும், உள்காயம் பிறகு காட்டலாம். அதோடு கழுத்தை நெரித்த துணை பின்னால் கொலைவரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

போன நவம்பர் 25-ம் தேதி, பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளன்று, இதையே என் அலுவலகத்தில் ஆண்களையும் உட்காரவைத்து நடத்தினோம். அவர்கள் அதிகம் கேட்டது கை சைகையைப் பற்றி: உள்ளங்கையைக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடுவது. 2020-ல் வீடியோ அழைப்பில் சத்தமில்லாமல் உதவி கேட்பதற்காகக் கனடாவில் உருவாக்கியது. அதைப் பார்த்தால் பாய்ந்துபோய் அவள் கணவனிடம் கேட்டுவிடக் கூடாது. அவளைத் தனியாகத் தொடர்புகொண்டு, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்டு, என்ன உதவி வேண்டும் என்பதை அவளே சொல்லும்படி விட வேண்டும். பக்கத்தில் அவன் இருக்கலாம்.