ஐந்து கவர்கள்

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறையில் 26 வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் அமெரிக்க வரலாறு என்ற தாள் என் தலையில்தான் விழுந்தது. அந்தத் தாளை யாரும் ஆசைப்பட்டு எடுப்பதில்லை. பையன்களைப் பொறுத்தவரை அமெரிக்க வரலாறு லிங்கனைச் சுட்டதோடு முடிந்துவிடும். வியட்நாம் போர் ஐந்தாவது அலகில் வரும். ஐந்தாவது அலகு எப்படி நடக்கும் என்று கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும். செமஸ்டர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது நோட்ஸ் சொல்லி ஒப்பேற்றுவது.

என் நோட்ஸ் மூன்றே வரி. அதிபர் கென்னடி ஆலோசகர்களை அனுப்பினார், அடுத்து வந்த ஜான்சன் படைகளை அனுப்பினார், அவருக்குப் பின் வந்த நிக்ஸன் படைகளைத் திரும்பப் பெற்றார். மாணவர்கள் விடைத்தாளில் தங்கள் பங்குக்கு "ஜான்சன் யோசிக்காமல் போரில் குதித்தார்" என்று ஒரு வரி சேர்ப்பார்கள். நானும் டிக் அடித்து மார்க் போட்டுவிடுவேன். பல வருடம் இப்படியே ஓடியது.

ஒருமுறை சென்னையில் புத்தொளிப் பயிற்சிக்குப் போயிருந்தபோது, பழைய புத்தகக் கடையில் தடித்த பேப்பர்பேக் ஒன்று கிடைத்தது. பென்டகன் ஆவணங்களின் சுருக்கம். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா, 'நாம் இந்தப் போருக்குள் எப்படி வந்தோம்' என்று தெரிந்துகொள்ள 1967இல் தன் ஆட்களை விட்டே எழுத வைத்த ரகசிய அறிக்கை அது. மொத்தம் 47 தொகுதி, சுமார் 7,000 பக்கம். அதை எழுதியவர்களில் ஒருவரான டேனியல் எல்ஸ்பெர்க் பத்திரிகைக்குக் கொடுத்து, 1971இல் வெளியே வந்தது. ஒரு நாட்டின் அமைச்சரே, தான் நடத்தும் போர் எப்படி ஆரம்பித்தது என்று ஆள் வைத்துத் தேட வேண்டியிருந்தது என்பதே எனக்கு விசித்திரமாக இருந்தது.

படிக்கப் படிக்க, குதித்த இடம் எங்கே என்று தேட ஆரம்பித்தேன். 'இன்று முதல் நாம் போரில் இறங்குகிறோம்' என்று யாராவது கையெழுத்துப் போட்ட ஒரு நாள் இருக்க வேண்டுமே. அப்படி ஒரு நாள் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் சின்னச் சின்ன கோப்புகள். ஒவ்வொன்றும் முந்தைய கோப்பில் விட்ட இடத்தில் தொடங்குகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதியவர்கள் ஒன்றும் அசடுகள் இல்லை. மக்னமாரா ஃபோர்டு கம்பெனியின் தலைவராக இருந்தவர். அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி ஹார்வர்டில் டீனாக இருந்தவர்.

அந்த வருடம் நோட்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்து காக்கிக் கவர் வாங்கினேன்.

முறை இதுதான். நாட்டின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் இருக்காது. 'பெரிய நாடு', 'சின்ன நாடு', அவ்வளவுதான். ஒவ்வொரு கவரிலும் அந்தத் தேதியில் அதிபர் மேஜைக்கு வந்த விஷயம் தமிழில் ஒரு பக்கம் இருக்கும். வகுப்பு முழுக்க அதிபர். படித்துவிட்டு ஓட்டுப் போட வேண்டும். முந்தைய கவரில் எடுத்த முடிவை மாற்றக் கூடாது.

முதல் கவர், 1961 நவம்பர். சின்ன நாட்டில் நமக்கு வேண்டிய அரசு ஆட்டம் காண்கிறது. ஏற்கெனவே நம் ராணுவ ஆலோசகர்கள் ஆயிரம் பேருக்குள் அங்கே இருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்து வந்த தளபதி, வெள்ள நிவாரணப் பணி என்ற பெயரில் 8,000 வீரர்களை அனுப்பலாம் என்கிறார். ஒன்று, விட்டுவிடலாம். இரண்டு, கூடுதல் ஆலோசகர்களும் ஹெலிகாப்டர்களும் மட்டும் அனுப்பலாம். மூன்று, படையை அனுப்பலாம். எந்த வருட வகுப்பானாலும் இரண்டாவதுதான் ஜெயிக்கும். கென்னடி எடுத்ததும் அதுதான். படை அனுப்புவது மது குடிப்பது போல, போதை இறங்கியதும் இன்னொரு கிளாஸ் கேட்கும் என்று அவரே அப்போது சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னால் கடைசி பெஞ்சில் சிரிப்பு எழும், விளக்கவே வேண்டியதில்லை. அப்படிச் சொன்ன மனிதர் 1963இல் சுடப்பட்டபோது அங்கே 16,000க்கும் மேல் அமெரிக்கர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் பெயர் ஆலோசகர்.

மூன்று வழி காட்டி நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வைக்கும் வித்தை எனக்குப் புதிதல்ல. கல்லூரியில் கொள்முதல் கமிட்டியில் இருந்திருக்கிறேன். பெஞ்சு வாங்க மூன்று கொட்டேஷன் வேண்டும். மூன்றும் ஒரே ஆள் கொண்டுவந்து கொடுப்பார், இரண்டு சும்மா ஒப்புக்கு. 1964 நவம்பரில் வாஷிங்டனில் ஒரு குழு அதிபருக்கு அ, ஆ, இ என்று மூன்று வழி தயாரித்தது. இப்போது செய்வதையே செய்வது, ஒரேயடியாகக் குண்டு மழை பொழிவது, படிப்படியாக அழுத்தம் கூட்டுவது. எது தேறியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? பேசாமல் கிளம்பி வந்துவிடுவது என்ற கொட்டேஷன் அதில் இல்லை.

இரண்டாவது கவர் டோங்கின் வளைகுடா. 1964 ஆகஸ்ட் 2ஆம் தேதி நம் போர்க்கப்பலை எதிரியான வட வியட்நாமின் டார்பிடோ படகுகள் தாக்கின. 4ஆம் தேதி மறுபடி தாக்கியதாகத் தகவல். அதே நாளில் களத்திலிருந்த கடற்படை அதிகாரியே, வானிலை ரேடாரைக் குழப்பியிருக்கலாம், சோனார் ஆட்கள் அவசரப்பட்டிருக்கலாம், நன்றாக ஆராய்ந்துவிட்டு மேற்கொண்டு செய்யுங்கள் என்று தந்தி கொடுத்தார். அதையும் நாலு வரியில் சேர்த்திருந்தேன். யாரும் அந்த நாலு வரியில் நிற்க மாட்டார்கள். நம் கப்பலை அடித்துவிட்டான், திருப்பி அடிக்க அதிகாரம் கொடுக்கலாமா வேண்டாமா? அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால் தெரிந்த விஷயம். என் வகுப்பிலும் இரண்டு பேருக்கு மேல் எதிர்த்ததாக ஞாபகம் இல்லை.

மூன்றாவது பிளெய்க்கு, சின்ன நாடான தென் வியட்நாமில் அமெரிக்கத் தளம் இருந்த ஊர். 1965 பிப்ரவரி 7ஆம் தேதி விடிவதற்கு முன் நடந்த தாக்குதலில் 8 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். வட வியட்நாம் மேல் குண்டு போடுவதா? போடுவது. இதில் பேச ஒன்றும் இல்லை.

நாலாவது கவர்தான் எனக்குப் பிடித்தது. குண்டு போடப் போகும் விமானங்கள் டா நாங் என்ற கடலோர ஊரின் தளத்தில் நிற்கின்றன. எதிரி ராத்திரியில் வந்து அடித்தால் போச்சு. காவலுக்கு இரண்டு பட்டாலியன், 3,500 மரீன் வீரர்கள் வேண்டும் என்று ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்ட் கேட்கிறார். அங்குள்ள நம் தூதர், ஒருமுறை தரைப்படையை இறக்கிவிட்டால் அப்புறம் எந்த இடத்திலும் கோடு போட்டு நிறுத்துவது கஷ்டம் என்கிறார். அந்தத் தூதர் வேறு யாருமல்ல, 1961இல் 8,000 பேரை அனுப்பச் சொன்ன அதே மேக்ஸ்வெல் டெய்லர்.

ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, "சார், வாட்ச்மேன் போடுறதுக்கெல்லாமா ஓட்டெடுப்பு?" என்று கேட்டான். வகுப்பே கை தூக்கியது.

சரி என்று கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். "இது விமானத் தளம். சுற்றி வேலி. எதிரிகிட்ட மோர்ட்டார் இருக்கு. சில கிலோமீட்டர் தள்ளி இருந்தே அடிப்பான். உங்க வாட்ச்மேன் எங்க நிப்பான்?" கொஞ்சம் வெளியே போய் நிற்கணும் என்றார்கள். இரண்டாவது வட்டம் போட்டேன். அந்த வட்டத்துக்குள் கிராமங்கள் இருக்கின்றன, ராத்திரியில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. உள்ளே போய்த் தேடணும் சார். தேடப் போனவனைச் சுட்டால்? இன்னும் நாலு பேரைச் சேர்த்து அனுப்பணும். மூன்றாவது வட்டம் கரும்பலகைச் சட்டத்தை இடித்தது. சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினால் வாட்ச்மேன் பையன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

நிஜத்திலும் மார்ச் 8ஆம் தேதி மரீன்கள் கரையில் இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1ஆம் தேதி வெறும் காவல் போதாது, போய்த் தாக்கலாம் என்று ஜான்சன் முடிவெடுத்தார். ஏப்ரல் 6ஆம் தேதி ரகசியக் குறிப்பு, இதைத் திடீர் மாற்றமாகத் தெரியவிடக் கூடாது, ஏற்கெனவே இருக்கும் கொள்கையின் தொடர்ச்சியாகவே தெரிய வேண்டும் என்கிறது. வெளியே மறைப்பதற்காக எழுதியதுதான். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கும் அது தொடர்ச்சியாகத்தான் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஐந்தாவது கவர், 1965 ஜூலை. இருக்கும் படை போதவில்லை, மொத்தம் 44 பட்டாலியன் வேண்டும். சண்டை இங்கேதான் வரும். வகுப்பு இரண்டாகப் பிரியும். ஆனால் "இவ்வளவு தூரம் வந்தாச்சே சார்" என்ற கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும். செத்தவனுக்கு என்ன பதில் சொல்வது, நம்பி வந்த சின்ன நாட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று நெஞ்சுருகப் பேசுவார்கள். ஜூலை 28ஆம் தேதி மத்தியானம் நிருபர்களைக் கூட்டிவைத்து ஜான்சன் அறிவித்தார். வியட்நாமில் 75,000 ஆக இருக்கும் படை 1,25,000 ஆகும், மாதம் 17,000 பேரைக் கட்டாயமாகச் சேர்ப்பது 35,000 ஆகும். இது கொள்கை மாற்றமா என்று கேட்டதற்கு, மாற்றமே இல்லை என்றார்.

ஒரு வருடம் ஐந்தாவது கவருக்கு வேண்டாம் என்று எழுதிய ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டேன். வானம் பார்த்த பூமியிலிருந்து வரும் பெண், வகுப்பில் வாயே திறக்காது.

"எங்கப்பாவும் போர் போட்டாரு சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அது சிரிக்கவில்லை.

"400 அடின்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாரு. தண்ணி வரல. இன்னும் அம்பது அடின்னாரு. அப்புறம் இன்னும் அம்பது. கீழ போகப் போக வண்டிக்காரரு அடிக்கு ரேட்டு கூட்டுறாரு. நகையெல்லாம் போச்சு. 850 அடியில புகைதான் வந்துச்சு. நிறுத்துங்கன்னு அம்மா சொன்னா, ஊர்ல என்ன பேசுவாங்கன்னு கேட்டாரு சார்."

அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடத்தத் தோன்றவில்லை. 1965 மார்ச்சில் மக்னமாராவின் உதவியாளர் மக்நாட்டன், நாம் எதற்காக அங்கே இருக்கிறோம் என்று போட்ட கணக்கை மட்டும் எழுதிப்போட்டேன். தோற்ற அவமானத்தைத் தவிர்க்க 70 சதவீதம். அந்த நிலம் சீனா கைக்குப் போகாமலிருக்க 20 சதவீதம். அங்குள்ள மக்கள் நன்றாக, சுதந்திரமாக வாழ 10 சதவீதம். அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டதா என்று பார்த்தேன். குறித்துக்கொண்டது.

கடைசியில்தான் பெயரைச் சொல்வேன். 1965 முடிவில் 1,84,000 பேர். 1967 முடிவில் 4,85,000. 1969 ஏப்ரலில் உச்சம், 5,43,000. செத்த அமெரிக்கர்கள் 58,000க்கு மேல். வியட்நாமியர்கள் பல லட்சம். முடிவு தெரிந்து திட்டுவது சுலபம், தெரியாமல் உட்கார்ந்தால் நீங்களும் ஜான்சன்தான் என்று சொல்லிப் புத்தகத்தை மூடுவேன். அந்தக் கடைசி வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன் அந்தப் பெருமை போயிற்று. இரண்டாவது கவரிலேயே ஒரு பையன் மேஜைக்கு அடியில் செல்போனில் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். "டேய், இது வியட்நாம்டா" என்றது எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவது கவரிலிருந்து எல்லாரும் வேண்டாம், வேண்டாம் என்று கை தூக்கினார்கள். நான் எரிச்சலோடு வகுப்பை முடித்தேன்.

மறுநாள் அவனே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். திட்டு வாங்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

"சார், முடிவு தெரியாததாலதான் மாட்டிக்கிட்டாங்கன்னு சீனியர்ஸ்கிட்ட சொன்னீங்களாமே. ஜார்ஜ் பால்னு ஒருத்தர் எல்லாத்தையும் முன்கூட்டியே சொல்லியிருக்காரே?"

சொல்லியிருக்கிறார். வெளியுறவுத் துறையில் இருந்தவர். ஐந்து வருடத்தில் மூன்று லட்சம் பேர் அந்தக் காட்டில் இருப்பார்கள் என்று 1961லேயே கென்னடியிடம் சொன்னார். உனக்கென்ன பைத்தியமா, அதெல்லாம் நடக்காது என்றார் கென்னடி. 1964 அக்டோபரில் 67 பக்கத்துக்கு எழுதினார். புலி முதுகில் ஏறினால் எங்கே இறங்குவது என்பது நம் கையில் இல்லை என்பது அதில் ஒரு வரி. துணை அதிபர் ஹம்ஃப்ரியும் 1965 பிப்ரவரியில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அப்புறம் பல மாதம் வியட்நாம் பற்றிய கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. கவரில் வைக்கவில்லை, அவ்வளவுதான். வைத்தால் ஓட்டுப் பிரியும், கடைசி வரி எடுபடாது என்று நினைத்திருக்கிறேன். எனக்கு வேண்டிய முடிவு வருகிற மாதிரி நானும் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். (அடுத்த வருடம் பாலின் வாதத்தையும் சேர்த்துப் பார்த்தேன். நாலு ஓட்டுதான் மாறியது. அது வேறு கதை.)

பையனை உட்காரச் சொல்லி லேப்டாப்பைத் திறந்தேன். ஜான்சன் தன் தொலைபேசிப் பேச்சுகளைப் பதிவு செய்து வைத்தவர். பல வருடம் கழித்து அவை வெளியே வந்தன. பண்டியோடு பேசிய ஒரு பேச்சைப் போட்டேன். டெக்ஸஸ் இழுப்பு அவனுக்குப் பிடிபடவில்லை, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். காலையில் என்னிடம் வேலை செய்யும் சார்ஜென்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறார் அதிபர். அவருக்கு ஆறு குழந்தைகள். என் துணிமணியை எடுத்து வைக்கிறார், ராத்திரி படிக்க வேண்டிய கோப்புகளைக் கொண்டுவருகிறார். இவர்களை எதற்காக நான் அங்கே அனுப்ப வேண்டும்? வியட்நாமால் எனக்கு என்ன ஆகப்போகிறது? அது சண்டை போடத் தகுந்த இடம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியும் என்று தோன்றவில்லை.

"திரும்பப் போடுங்க சார்."

போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இது எந்தத் தேதி சார்?"

"1964, மே 27."

மேஜை மேல் கிடந்த ஐந்து கவரையும் எடுத்து வரிசையாகப் பரப்பினான். என் பேடிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அந்தத் தேதியை எழுதி, முதல் கவருக்கும் இரண்டாவது கவருக்கும் நடுவில் வைத்தான்.