ஐந்தாவது சொல்

பினாங்கு ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன் வாங்கிவிட்டு வெளியே வந்தால் மோட்டார் சைக்கிளைக் காணோம். இருபது நிமிடம் தேடினேன். பூக்கடைக்காரரும் பாவம், கடையை விட்டுவிட்டு என்னோடு தேடினார். அன்று நான் பஸ்ஸில் வந்திருந்தேன்.

எனக்கு வயது 68. தமிழ்ப்பள்ளியில் 31 வருடம் வாத்தியார் வேலை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மருந்துக் கடையில் ‘ஞாபக சக்தி’ மாத்திரை என்று 180 மலேசிய வெள்ளிக்கு ஒரு டப்பா தலையில் கட்டினார்கள். அதைச் சாப்பிட வேண்டும் என்பதையே பாதி நாள் மறந்தேன்.

அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகிய பிறகு மருமகள் விடவில்லை. சர்க்கரைக்கு மருந்து வாங்கும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூடவே வந்தாள். அங்கே பத்துக் கேள்வி, எல்லாம் மலாயில்: வயது என்ன, இன்று என்ன கிழமை, இது எந்த இடம், ஓர் எண்ணைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது. ஒன்பது சரி. “ஓகே பாக்சிக் (அங்கிள்)” என்றார் டாக்டர். மருமகள் பால் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னாள். நான் மறைத்திருந்த மோட்டார் கதையும் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. டாக்டர் பேனாவை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். போகிறவர்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம்மைப் பற்றி நாம் சொல்வது எப்போதும் கொஞ்சம் மெருகேறியே இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. பென்ஷன்காரன் என்பதால் எனக்குக் காசில்லை. 

ஆஸ்பத்திரியில் சோதித்தது ஒரு தமிழ்ப் பெண் டாக்டர், என் கடைசி பேட்ச் மாணவி வயதிருக்கும். மொத்தம் 30 மதிப்பெண், 26 வந்தால் பயமில்லை. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65. தமிழில் ஒரே மூச்சு. வாய்ப்பாடு சோறு போட்ட வாயல்லவா? அடுத்து, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொன்னார். வட்டம், எண்கள் எல்லாம் அழகாக வந்தன. ‘பத்து’ என்று காதில் விழுந்ததுதான் தாமதம், பெரிய முள்ளை எண் 10க்கே இழுத்துவிட்டேன். அது 2இல் அல்லவா நிற்க வேண்டும்? எத்தனை பிள்ளைகளுக்கு இதற்காகச் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்!

கடைசியாக, ஆரம்பத்தில் சொன்ன ஐந்து சொற்களைக் கேட்டார். நான்கு வந்தன. ஐந்தாவது வரவில்லை. மொத்தம் 22. (அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். நாளைக்கு உங்களுக்கும் அதே தாள் வரலாம்.) வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், சிக்னலில் நிற்கும்போது ஐந்தாவதும் வந்தது. மருமகளிடம் சத்தமாகவே சொன்னேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ரத்தம், தைராய்டு, தலைக்கு சிடி ஸ்கேன், காது என்று எல்லாம் பார்த்தார்கள். ஸ்கேனில் வயதுக்கு மீறி ஒன்றுமில்லை. வைட்டமின் பி12 மட்டும் தரையில் கிடந்தது. 14 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதை நெடுநாள் எடுத்தால் உடம்பு பி12-ஐச் சரியாக உறிஞ்சாமல் போகலாமாம். அதற்காக நானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஊசி போட்டார்கள், முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்று.

காதிலோ மெல்லிய, கீச்சென்ற ஒலிகள் போயிருந்தன. “அங்கிள், பாதிப் பேச்சுதான் உள்ளே போகுது. போகாதது எப்படி ஞாபகம் இருக்கும்?” என்றார் டாக்டர். மறதி நோய்க்கு வழிவிடக்கூடிய, நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களை 2024இல் லான்செட் இதழின் குழு பட்டியலிட்டதாம். காது மந்தமும் அதில் ஒன்று என்றார்.

அவதானம் என்றாலே கவனம்தான். 1907இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்வது) செய்து காட்டியதை வருடா வருடம் வகுப்பில் சொல்வேன், ‘என்ன ஞாபக சக்தி பாருங்கள்’ என்று. பெயரிலேயே விடை இருந்திருக்கிறது.

காது மெஷின் முதல் வாரம் நரகம். பிளாஸ்டிக் பை கசங்கினால் இடி மாதிரி. பிறகு ஒருநாள் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது. அதுவரை, மருமகள் தாளிப்பதையே விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. முள் சரியாக 2இல் நின்றது. மொத்தம் 25. டாக்டர் இந்தத் தடவை வேறு ஐந்து சொற்கள் கொடுத்திருந்தார். அதில் மூன்றுதான் வந்தன. பழைய ஐந்தும் வரிசை பிசகாமல் வந்து நின்றன. “அதுக்கு மார்க் இல்லை, அங்கிள்” என்றார்.