ஐந்து மணிக்கு அம்மா, ஒன்பது மணிக்கு நான்

கண் ஆபரேஷன் முடிந்து அம்மா ஆறு வாரம் எங்களோடு இருந்தார். பொழுது போகட்டும் என்று என் போனில் உள்ள பாட்டுச் செயலியில் பாட்டு போட்டுக் கொடுப்பேன். விடிகாலை ஐந்து மணிக்கு முருகன் பாட்டு, மத்தியானம் நாதஸ்வரம். விளைவு, ஒன்பது மணிக்கு பஸ்ஸில் ஏறி நான் ஹெட்போனை மாட்டினால் எனக்கும் நாதஸ்வரம்தான் முதலில் வந்து நிற்கும். மூன்றாவது வாரம்தான் அது மாறியது. ஐந்து மணிக்குத் திறந்தால் முருகன், பஸ்ஸில் திறந்தால் என்னுடைய எண்பதுகளின் சினிமாப் பாட்டு.

டேட்டா வேலையில் இருப்பதால் எனக்கு இதில் தனி ஆர்வம். யாருக்கு எது பிடிக்கும் என்று செயலி ஊகித்து எடுத்துக் காட்டும் பரிந்துரை என்றாலே முன்பெல்லாம் இரண்டு விஷயம்தான்: ஆள், பொருள். எப்போது, எங்கே, யாரோடு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அடோமாவிசியஸ், துஷிலின் ஆகிய ஆய்வாளர்களின் குழு 2005இல் விரிவாக எழுதியது. எளிய வழி, விடிகாலையில் கேட்டதை மட்டும் தனியே பிரித்து, அதிலிருந்து பட்டியல் போடுவது. ஆனால் விடிகாலை, ஞாயிறு, மழை என்று நறுக்கிக்கொண்டே போனால் கையில் மிஞ்சுவது நாலைந்து பாட்டுதான். அதை வைத்து எதைச் சொல்ல முடியும்?

நேரத்தைப் போன் அறியும், இடத்தையும் அறியும். கேட்பது யார் என்பதுதான் தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்து, யார் எந்தப் படத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவார் என்று ஊகிக்க நடத்திய போட்டியிலும் இந்தச் சிக்கல் இருந்தது. ஒரே கணக்கிலிருந்து வரும் மதிப்பெண்கள் நாளுக்கு நாள் மாறின; வீட்டில் வேறொருவர் உட்கார்ந்து மதிப்பிட்டிருக்கலாம். அதனால் 2009இல் வென்ற குழு, ஒவ்வொருவருக்கும் அந்தந்த நாளுக்கென்றே ஒரு தனித் திருத்தத்தைக் கணக்கில் சேர்த்திருந்தது. ‘இப்போது கேட்பது என் அம்மா’ என்று சொல்ல ஒரு பொத்தான் வைத்தால் இந்த ஊகம் பாதி குறையும். எல்லாச் செயலியிலும் அது முகப்பிலேயே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஊருக்குக் கிளம்பும்போது அம்மாவுக்கு ஒரு பழைய போனில் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். அது அவரை அறியாத புதுக் கணக்கு. மறுநாள் விடிகாலையே போன் வந்தது.

“என்னடா இது, திறந்ததும் குத்துப்பாட்டா போடுது?”

“நாலு நாளைக்கு நீயே தேடிப் போடும்மா, கத்துக்கும்” என்றேன்.